அலமாரியில் பூச்சி: அடிக்க வேண்டாம், பொட்டலத்தைத் தேடுங்கள்

எங்கள் சமையலறைக் கூரையில் புழு ஊர்ந்ததை முதலில் பார்த்தது என் மகள்தான். "அப்பா, மேலே ஒரு அரிசி நடக்குது" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அரிசி நடப்பது போலத்தான் இருந்தது. வெள்ளையாக, விரல் நகம் அளவுக்கு நீளமாக, பழுப்புத் தலையோடு. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் செய்த வேலை, இரவில் விளக்கைச் சுற்றும் சின்ன அந்துப்பூச்சிகளைச் செய்தித்தாளைச் சுருட்டி அடித்தது. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து விழும். ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

அந்த இரண்டு மாதமும் வீண். பறக்கிற அந்து எதையும் தின்பதில்லை. அதற்கு ஒன்றிரண்டு வாரம்தான் ஆயுள், அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். அந்தப் புழுக்கள் ஏதோ ஒரு பொட்டலத்துக்குள் நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்க, நான் வெளியே செய்தித்தாளோடு நின்றிருக்கிறேன். அந்தப் பொட்டலம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதற்காக நான் அலமாரியை மூன்று முறை காலி செய்தேன். மூன்றாவது முறைதான் கிடைத்தது. நீங்கள் ஒரே முறையில் முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வந்திருப்பது யார்?

பூச்சிக்குப் பெயர் எதற்கு, கொன்றால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பெயர் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது. பயறு வண்டு மாவில் வளராது. அரிசி வண்டு மிளகாய்த்தூளில் குடும்பம் நடத்தாது. அரிசிக் கூடையை நாலு தடவை சலித்துவிட்டு மசாலா டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேவையானவை: ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒளிபுகும் டேப், வெள்ளைத் தாள். பூச்சியை டேப்பில் ஒட்டித் தாளில் பதித்து, பக்கத்தில் தேதியும் கிடைத்த இடமும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பழைய கணக்கு நோட்டு ஒன்று ஒரே வாரத்தில் பூச்சி நோட்டு ஆனது. விளையாட்டாகத்தான் விட்டேன். கடைசியில் வழி காட்டியதே அந்த நோட்டுதான்.

முதலில் அந்து. சுவரில் உட்காரும்போது சிறகை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். அப்போது நீளம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். தலைப் பக்கம் வெளிர் சாம்பல், வால் பக்கம் செம்பு நிறம். பாதி உடம்பை வேறொரு சாயத்தில் முக்கி எடுத்தது போல அந்த இரண்டு நிறமும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால், உலகம் முழுக்கச் சமையலறைகளில் சுற்றும் 'இந்தியன் மீல் மாத்' அதுதான். பெயரைப் பார்த்து நம் ஊர்ப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1856ல் நியூயார்க் மாநிலத்துப் பூச்சியியலாளர் ஏசா ஃபிட்ச் இதை மக்காச்சோள மாவில் கண்டு எழுதினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் மக்காச்சோள மாவுக்கு 'இந்தியன் மீல்' என்று பெயர். அவ்வளவுதான் சம்பந்தம். செம்பு நிறமே இல்லாமல் முழுக்கச் சாம்பலாக இருந்தால் அது மாவு அந்து. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. துணி அலமாரியிலிருந்து வரும் அந்து வேறு ஜாதி. அது ஒரே மாதிரி வைக்கோல் நிறத்தில் மினுங்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும்.

அந்து இருக்கிறதா என்று அறிய அந்தைத் தேடுவதைவிட நூலைத் தேடுவது சுலபம். புழு போகிற வழியெல்லாம் பட்டு நூல் போல மெல்லியதாக இழுத்துக்கொண்டே போகும். ஓட்ஸை ஸ்பூனால் அள்ளினால் நாலைந்து செதில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு தொங்கும். மாவு ஜாடியின் மூடி ஓரத்தில் நூலாம்படை மாதிரி இருக்கும். தானியம், ஓட்ஸ், பாதாம், திராட்சை, சாக்லேட், பால்பவுடர், நாய் பூனைக்கான உலர்தீனி என்று இது தொடாதது குறைவு. ஒரு பெண் அந்து 100 முதல் 400 முட்டை வரை இடும். வெப்பமான சமையலறையில் முட்டை அந்தாக ஒரு மாதம் போதும். குளிர்ந்த இடத்தில் பத்து மாதம்கூட இழுக்கும். தின்று முடித்த புழு, கூடு கட்ட இடம் தேடி வெகுதூரம் நடக்கும். அப்படிப் புறப்பட்ட ஒன்றுதான் எங்கள் கூரையில் நடந்த அரிசி.

அடுத்தது வண்டுகள். எல்லாமே 2 முதல் 4 மில்லிமீட்டர், எல்லாமே ஏதோ ஒரு பழுப்பு. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பூதக்கண்ணாடி இங்கேதான் வேண்டும்.

"அப்பா, இதுக்கு மூக்கு இருக்கு" என்று மகள் ஒரு நாள் கூப்பிட்டாள். தலைக்கு முன்னால் யானைத் துதிக்கை போல நீண்டிருந்தால் அது கூன்வண்டு, நாம் அரிசி வண்டு என்பது. முதுகில் நாலு மங்கலான மஞ்சள் புள்ளியும் இருக்கும். அந்த மூக்கால் முழு தானியத்தில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். புழு தானியத்துக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வரும். அதனால்தான் சுத்தமாகச் சலித்து வைத்த அரிசியில் மூன்று வாரம் கழித்து மறுபடியும் வண்டு 'முளைக்கிறது'. சலித்தபோது உள்ளே இருந்ததைச் சல்லடை பார்க்கவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடுங்கள், உள்ளே அரிக்கப்பட்ட மணிகள் மிதக்கும். இன்னொன்று, இந்த வண்டைத் தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்தது போல நடிக்கும். தாளில் கொட்டிப் பார்த்துவிட்டு உடனே முடிவு செய்யாதீர்கள். ஒரு நிமிடம் காத்திருங்கள், எழுந்து நடக்கும். முழு அரிசி, கோதுமை, சோளம், பாஸ்தா, இவைதான் இதன் இடம்.

மூக்கு இல்லாமல், செம்பழுப்பில், மாவுக்குள் நீந்துகிற மாதிரி ஓடினால் மாவு வண்டு. இதில் ரொம்பவும் நெருங்கிய இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஆட்கள் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்டதால் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'குழம்பிய மாவு வண்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழம்பியது மனிதர்கள், பழி வண்டுக்கு. செந்நிற மாவு வண்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: வண்டுகளிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டு 2008ல் வெளியானது இதனுடையதுதான். நமக்கு வேண்டிய விஷயம் இதன் நாற்றம். கூட்டம் பெருகினால் குயினோன் என்ற பொருளைச் சுரந்து மாவை இளஞ்சிவப்பாக்கிவிடும், ஒரு காட்டமான வாடையும் வரும். அந்த மாவைச் சலித்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். ரொட்டியிலும் அந்த வாடை வரும். ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடிருக்கும் வண்டு இது. பொறுத்துப் பார்த்தால் தானாகப் போகும் என்று எண்ணுவதில் அர்த்தமில்லை.

இன்னும் மெலிந்து, தட்டையாக, கழுத்தின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல ஆறு ஆறு பல் இருந்தால் ரம்பப்பல் வண்டு. உடம்பு தட்டை என்பதால், ஒட்டிய பெட்டியின் மடிப்பு இடுக்கிலேயே நுழைந்துவிடும். 'சீல் பிரிக்காத பாக்கெட், அதில் எப்படி இருக்கும்' என்று நீங்கள் ஒதுக்கி வைக்கும் பாக்கெட்டைத்தான் இது தேடிப் போகும்.

மசாலா டப்பாவில், உருண்டையாகக் கூன் விழுந்த மாதிரி, தலையை உள்ளே இழுத்துக்கொண்ட குட்டி வண்டு இருந்தால் அது சிகரெட் வண்டு அல்லது மருந்துக்கடை வண்டு. முதுகு வழவழப்பாக இருந்தால் முதலாவது, நெடுக்காக வரி ஓடினால் இரண்டாவது. மிளகாய்த்தூள், மல்லி, உலர்ந்த மூலிகை, புகையிலை, செல்லப்பிராணித் தீனி, உலர்பூ அலங்காரம் எதிலும் வளரும். மிளகாய்த்தூளின் காரம் இதை ஒன்றும் செய்யாது. 1922ல் திறக்கப்பட்ட எகிப்து மன்னன் துட்டன்காமுனின் கல்லறையிலேயே இந்த வண்டின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அரசனுக்கு வைத்த உணவையே விடாதது நம் டப்பாவை விடுமா?

பயறு வண்டு கண்டுபிடிக்க மிகச் சுலபம். முழுப் பயறிலோ கொண்டைக்கடலையிலோ கம்பியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருக்கும். ஓட்டை விழாத மணியின் தோலிலும் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. தோல் நீக்கி உடைத்த பருப்பில் இதன் தொல்லை குறைவு.

கடைசியாக இரண்டு பொடியன்கள். அலமாரி ஓரத்தில் 1 மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள் விறுவிறுவென்று ஓடினால் அது புத்தகப் பேன். அது தேடுவது பூஞ்சணத்தை, அதாவது ஈரத்தை. அலமாரிக்குப் பின்னால் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் உலர்ந்து செத்துவிடும். மாவின் மேல் பழுப்புத் தூசி படிந்தது போலிருந்து, அந்தத் தூசி மெல்ல நகர்ந்தால் அது மாவுச் சிற்றுண்ணி. கணக்குக்குப் பூச்சியே இல்லை, சிலந்தி இனம். விரலில் தேய்த்தால் புதினா போன்ற ஒரு வாடை வரும். வீட்டுத் தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த மாவில் செய்ததைத் தின்று கடுமையான ஒவ்வாமை வந்ததுண்டு. மற்றப் பூச்சிகள் தெரியாமல் வயிற்றுக்குள் போனால் பொதுவாக ஒன்றும் ஆகாது, மனசு சங்கடப்படும் அவ்வளவே. சிற்றுண்ணி மாவை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

பொட்டலத்தைத் தேடுதல்

என் முதல் தேடல் இப்படி: திறந்திருந்த பாக்கெட்டுகளை மட்டும் பார்த்தேன். ஓட்ஸில் நூல் இருந்தது. அதை எறிந்துவிட்டு, முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன். மூன்று வாரத்தில் அந்துகள் திரும்பின. ஓட்ஸ் அந்தின் பிறந்த வீடு இல்லை, குடிபோன வீடு. ஒரு பொட்டலத்தில் பூச்சி கிடைத்ததும் தேடலை நிறுத்தக் கூடாது என்பதை அங்கே கற்றேன்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் இறக்கினேன். சீல் பிரிக்காத பாஸ்தா, பேக்கிங் சாமான், ஒரு வருடம் முன்பு வாங்கி மறந்த எள், எல்லாம். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் கொட்டி டார்ச் அடித்தேன். ஜாடி மூடியின் திருகு வரிகளுக்குள் பார்த்தேன். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த அந்துப்புழு அவ்வளவு சிறியது, சரியாக மூடாத திருகு மூடிக்குள் அந்த வரி வழியாகவே ஏறிப் போய்விடும். மிக்ஸியின் அடிப்பாகம், டோஸ்டரின் துணுக்குத் தட்டு, இழுப்பறைக்குப் பின்னால் விழுந்த நாலு பாதாம், எதையும் விடவில்லை. ஆறு பொட்டலம் குப்பைக்குப் போயிற்று. இந்தத் தடவை ஐந்து வாரம் அமைதி. அப்புறம் மறுபடியும் விளக்கடியில் ஒன்று.

"நீங்க சாப்பிடறதை மட்டும் தேடறீங்க. பூச்சி சாப்பிடறதைத் தேடணும்" என்றாள் மனைவி. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால், இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரிதான்.

மகளின் நோட்டை எடுத்துப் பார்த்தோம். அந்துகள் எங்கெங்கோ பிடிபட்டிருந்தன, அவை பறக்கிறவை, அதில் துப்பு கிடைக்காது. ஆனால் புழு கிடைத்த இடங்கள் பதினொன்றில் எட்டு, இடது பக்க அலமாரியின் மேல் விளிம்பும் அதற்கு மேலிருந்த கூரையும். அந்த அலமாரியின் உச்சித் தட்டில் உணவே கிடையாது. கேக் தட்டுகள், பழைய ஃபிளாஸ்க், அதற்குப் பின்னால் ஒரு துணிப் பை. கழுத்து வலிக்காக வாங்கிய, உள்ளே கோதுமை அடைத்த ஒத்தடப் பை. மைக்ரோவேவில் சூடாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வது. ஒரு மாதம் பயன்படுத்தினேன், வலி போனது, இரண்டு வருடமாக மறந்தும் போனது. எடுத்தபோது தையல் ஓரம் முழுக்க நூல். கத்தரித்துப் பார்த்தோம். உள்ளே கோதுமை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உமி, தூள், நூல், புழுக்கூடு.

ஆகவே உங்கள் தேடல் பட்டியலில் தின்னாத சாமானையும் சேருங்கள்: தானியம் அடைத்த ஒத்தடப் பை, பறவைத் தீனி மூட்டை, விதையில் கோர்த்த மாலை, உலர்பூக் கொத்து, தோட்டத்துக்கென்று எடுத்து வைத்த விதைப் பாக்கெட், எலிக்கு வைத்த தானிய மருந்து. நாய்த்தீனியை வேறு அறையில் வைத்திருந்தால் அந்த அறையும் கணக்கில் சேரும். சந்தேகப்பட வேண்டிய வரிசை எளிது. எது மிகப் பழையதோ, எதைத் தொட்டே நாளாயிற்றோ, அது முதலில்.

எறிவதா, காப்பாற்றுவதா

பூச்சி கண்ணுக்குத் தெரிந்த பொட்டலத்தை எறிந்துவிடுங்கள் என்பதே என் கட்சி. பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக முடிந்து, அன்றே வீட்டைவிட்டு வெளியே. சமையலறைக் குப்பைத்தொட்டியில் ஓர் இரவு வைத்தால் கூட்டம் இடம் மாறும், வேறொன்றும் நடக்காது.

பக்கத்தில் இருந்த, பூச்சி தெரியாத பொருள்களுக்கு ஃப்ரீசர். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நாலு நாள் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். ஆனால் அந்த நாலு நாள், பொருளின் நடுப்பகுதி வரை குளிர்ந்த பிறகு எண்ண வேண்டியது. ஐந்து கிலோ மாவுப் பையின் நடுவே குளிர் போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும். நான் கிலோ கிலோவாகப் பிரித்து ஒரு வாரம் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, ஈரம் கட்டி, பூச்சி போய்ப் பூஞ்சணம் வரும். சாதாரண ஃபிரிட்ஜ் பெருக்கத்தை நிறுத்தி வைக்குமே தவிர, சட்டென்று கொல்லாது.

ஃப்ரீசரில் இடமில்லையென்றால் 'அவன்' எனும் மின்அடுப்பு. தானியத்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 60 டிகிரியில் ஒரு மணி நேரம். எங்கள் மின்அடுப்பு சொல்கிற வெப்பமும் உள்ளே இருக்கிற வெப்பமும் ஒத்துப் போனதே இல்லை, அதனால் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்தேன். விதைப்பதற்கென்று வைத்த விதையைச் சூடாக்காதீர்கள், முளைக்காது. மைக்ரோவேவ் ஓரிடத்தில் கருக்கும், இன்னோரிடத்தில் வெதுவெதுப்போடு விட்டுவிடும், புழு அந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளும். நம்ப மாட்டேன்.

சுத்தம் செய்யும் வரிசை

துடைக்கும் முன் உறிஞ்ச வேண்டும். வாக்கூம் கிளீனரின் மெல்லிய மூக்கை மாட்டி, தட்டைத் தாங்கும் ஆணித் துளைகள், கதவுக் கீல், பலகை சேரும் இடுக்கு, அலமாரியின் மேல் விளிம்பு, எல்லா இடத்திலும் ஓட்டுங்கள். தட்டில் விரித்த தாளை உரித்தெடுங்கள். அதன் அடியில்தான் கூட்டுப்புழு ஒளிந்திருக்கும். எங்கள் அலமாரியில் ஆணித் துளை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கூடு இருந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி. கூரையும் சுவரும் சேரும் மூலையையும் பாருங்கள். முடிந்ததும் வாக்கூமின் பையை உடனே வெளியே எடுத்துப் போய்க் காலி செய்யுங்கள், அதுவும் ஒரு மாவு மூட்டைதான்.

அதன் பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி. வினிகர் ஊற்றுவதில் தனி மகிமை ஒன்றும் இல்லை, ஊற்றினால் தவறும் இல்லை. முக்கியமானது, தண்ணீரை இடுக்குக்குள் விடாமல் இருப்பது. உள்ளே போன தூள் நனைந்தால் பூஞ்சணம், அதைத் தேடிப் புத்தகப் பேன். கதவைத் திறந்து போட்டு, நன்றாக உலரவிட்டுத்தான் சாமானை ஏற்ற வேண்டும். நான் ஒரு நாள் முழுக்க விட்டேன். வீடு முழுக்க டப்பாவாக இருந்தது, சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை.

பூச்சி மருந்து அடிக்கலாமா? உணவு அலமாரிக்குள் வேண்டாம். பொட்டலத்துக்குள் இருக்கிற புழுவை அது தொடாது, உங்கள் தட்டைத்தான் தொடும். அதைவிட முக்கியமாக ஒன்று: கிடங்குகளில் தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளியேறும். மூடிய வீட்டில் அது ஆளையே கொன்றுவிடும், கொன்றும் இருக்கிறது.

பிரிஞ்சி இலையும் கிராம்பும் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது தேடலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு இலை வைத்தேன். அந்த இலையின் அடியிலேயே ஒரு புழு கூடு கட்டியிருந்தது. வாசனைக்காக வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

பசை தடவிய அந்துப் பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெண் அந்தின் வாசனை. அதனால் ஆண் மட்டுமே விழும். பெண்ணும் புழுவும் அதன் பக்கமே வராது. பொறி நிறைய நிறைய வேலை நடக்கிறது என்று நினைப்பது, நான் செய்தித்தாளோடு நின்றதற்குச் சமம். அது தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சலைச் சொல்லும், குணமாக்காது. சுத்தம் செய்த பிறகு ஒன்று மாட்டி வாரம் ஒரு முறை எண்ணுங்கள். இரண்டு மூன்று மாட்ட வேண்டாம், ஜன்னலோரத்திலும் வைக்க வேண்டாம், வெளியே திரிகிற ஆண்களையும் விருந்துக்குக் கூப்பிட்டது போலாகும். வண்டு பிரச்சினை என்றால் இந்தப் பொறியால் பயனே இல்லை, அது அந்துக்கு மட்டும்.

திரும்ப அடுக்கும்போது

காகிதப் பையும் மெல்லிய பிளாஸ்டிக் பையும் பாதுகாப்பு இல்லை, புழுவும் வண்டும் கடித்துத் துளைத்துவிடும். கண்ணாடி ஜாடி, ரப்பர் வளையம் வைத்து அழுத்தி மூடுகிற மூடி, இதுதான் சரி. கெட்டியான பிளாஸ்டிக்கும் பரவாயில்லை, மூடி இறுக்கமாக இருந்தால். ஜாடியின் இன்னொரு நன்மை பலருக்குத் தோன்றுவதில்லை: அது பூச்சியை உள்ளே வராமல் தடுப்பதோடு, உள்ளே வந்துவிட்டதை வெளியே போகாமலும் தடுக்கும். ஒரு ஜாடி கெட்டால் ஒரு ஜாடியோடு போகும். கண்ணாடி வழியாகக் கண்ணுக்கும் தெரியும்.

பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டாதீர்கள். ஜாடியைக் காலி செய்து, கழுவி, ஈரம் போகக் காயவைத்து, பிறகு கொட்டுங்கள். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறு மாதத்துக்கு வாங்குவதில் மிச்சம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் தீருகிற அளவுக்கு வாங்குங்கள். பாதாம், முந்திரி மாதிரி நாள்படக் கிடப்பவை நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். புதிதாக வரும் தானியமும் மாவும் எங்கள் வீட்டில் முதலில் ஃப்ரீசரில் ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் அலமாரி ஏறும். பெரும்பாலும் பூச்சி பறந்து வருவதில்லை, பையோடு வாங்கித்தான் வருகிறோம்.

எல்லாம் முடிந்த பிறகும் மூன்று நாலு வாரம் ஒன்றிரண்டு அந்து தென்படும். துளைகளில் தப்பிய கூட்டிலிருந்து வருபவை. பதற வேண்டாம், அவை முட்டையிடத் திறந்த பொட்டலம் இல்லாமல் இருந்தால் போதும். எட்டு வாரம் தாண்டியும் வந்தால், இன்னொரு பொட்டலம் எங்கோ இருக்கிறது, மறுபடியும் தேடுங்கள்.

ஒத்தடப் பை போன பிறகு எங்கள் பொறியில் முதல் வாரம் ஏழு விழுந்தன. இரண்டாவது வாரம் நாலு. ஐந்தாவது வாரம் ஒன்று. ஒன்பதாவது வாரம் மகள் நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டு, "ஜீரோப்பா" என்றாள். பூச்சி நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே அதையே எழுதினாள். நோட்டில் இன்னும் முப்பது பக்கம் காலியாக இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.